விலையை ஏன் ஒளிக்கிறீர்கள்?

காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: “எங்கள் ஊர்க் கைத்தறியான கண்டாங்கிப் புடவை விற்கிறேன். இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கி எட்டு மாதமாகிறது. 6,000 பேர் பின்தொடர்கிறார்கள். ‘விலை என்ன?’ என்று கேட்கிறார்கள், சொன்னதும் காணாமல் போகிறார்கள். மாதம் ஏழெட்டுப் புடவை விற்றாலே பெரிது. ஒரு லட்சம் பேர் பின்தொடரும் பெண்மணி ஒருவர் 15,000 ரூபாய்க்கு ரீல் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? முகம் தெரியாதவர்களிடம் நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது?”

முதலில் அந்த 15,000 ரூபாய்க்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது கொடுக்காதீர்கள். உங்கள் பக்கத்தை நேற்றிரவு முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை பார்த்தேன். புடவைகள் அருமையானவை, குறை புடவையில் இல்லை. அந்தப் பெண்மணி இருபதாயிரம் பேரை உங்கள் வாசலுக்கு அனுப்பிவைத்தாலும், வந்தவர்கள் பார்க்கப்போவது இப்போது இருக்கும் இதே பக்கத்தைத்தான். இந்த 6,000 பேர் எதைப் பார்த்துத் திரும்பிப் போனார்களோ அதையே பார்த்து அவர்களும் திரும்பிப் போவார்கள்.

நான் ஈரோட்டிலிருந்து 2013 முதல் பருத்திப் புடவை விற்கிறேன். அதற்கு முன் அப்பாவின் ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். இணையத்தில் நான் கற்றதைவிட அந்தக் கடையில் கற்றதுதான் இணையத்தில் உதவியது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனவே இந்தப் பதிலில் தொழில்நுட்பம் குறைவாக இருக்கும்.

உங்கள் பக்கத்தில் 140க்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. ஒன்றில்கூட விலை இல்லை. “விலைக்கு உள்பெட்டிக்கு வரவும்.” இதை ஏன் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேள்வி கேட்டு ஆள் வந்தால் பேச்சு வளரும். பக்கத்துக் கடைக்காரர் விலையைப் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துப் போட மாட்டார். பதிவின்கீழ் கேள்விகள் குவிந்தால் இன்ஸ்டாகிராம் இன்னும் நாலு பேருக்குக் காட்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மூன்றும் விற்பவருடைய வசதிகள். வாங்க வந்தவருக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று: ஆளைப் பார்த்து விலை சொல்லப்போகிறார்கள். மீட்டர் போடாத ஆட்டோவில் ஏறும்போது வயிற்றில் ஒன்று புரளுமே, அதே உணர்வு. ஏற வேண்டிய கட்டாயம் இருப்பவர் மட்டும் ஏறுவார். புடவை வாங்க யாருக்கும் அப்படிக் கட்டாயமில்லை.

“விலை சொன்னதும் காணாமல் போகிறார்கள்” என்கிறீர்கள். விலை கூடுதல் என்பதால் மட்டும் போகவில்லை. நீங்கள் 1,850 சொல்கிறீர்கள். ‘கண்டாங்கி’ என்ற அதே பெயரில் விசைத்தறிப் புடவை 650க்குக் கிடைக்கிறது. நடுவிலுள்ள 1,200 ரூபாய் எங்கே போகிறது என்பதை நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. நூல் விலை, சாயம், பாவு (நெடுக்கு நூல்) ஓட்டும் கூலி, தறியில் உட்காரும் நாள்கள், கூரியர் என்று ஒரு பதிவில் கணக்கு எழுதுங்கள். உங்கள் லாபத்தையும் எழுதுங்கள் என்றால் பயப்படுவீர்கள். முழுத் தொகை வேண்டாம், ‘இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதில்தான் வீட்டு வாடகை போகிறது’ என்ற அளவுக்கு எழுதினால் போதும். வியாபாரி லாபம் பார்ப்பதில் யாருக்கும் கோபமில்லை. ‘நெசவாளர்களுக்காகவே நடத்துகிறோம்’ என்று சொல்லிக்கொண்டே லாபம் பார்ப்பதில்தான் கோபம் வருகிறது.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். முகம் தெரியாதவர் முகம் தெரியாதவரிடம் ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்வி இணைய வியாபாரத்தின் முதல் நாளிலேயே எழுந்தது. 1995இல் பியர் ஒமிதியார் என்பவர் அமெரிக்காவில் ஓர் ஏல இணையதளம் தொடங்கினார். பின்னாளில் அதுதான் ஈபே ஆயிற்று. அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி. 14.83 டாலருக்குப் போனது. ஒமிதியாருக்கே சந்தேகம் வந்து, ‘அது உடைந்தது என்று உங்களுக்குத் தெரியும்தானே?’ என்று வாங்கியவருக்கு எழுதினாராம். ‘தெரியும், நான் உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிக்கிறவன்’ என்று பதில் வந்ததாம். பெரும்பாலும் இதை ‘எதற்கும் ஒரு வாடிக்கையாளர் உண்டு’ என்பதற்கான கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. பணம் வரப்போகும் நேரத்தில், விற்பவர் வலியப் போய் ‘பொருளில் குறை இருக்கிறது, தெரியுமா?’ என்று கேட்டார் பாருங்கள், அது.

மறு ஆண்டே, 1996இல், வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் ஏற்பாட்டை அந்தத் தளம் கொண்டுவந்தது. இன்றைய நட்சத்திர மதிப்பீடுகளுக்கெல்லாம் அது மூத்த அக்கா. அந்த நற்பெயருக்கு ரூபாய் அளவில் என்ன மதிப்பு என்று பார்க்க ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2006இல் வெளியானது. பழைய அஞ்சலட்டைகளை ஒரே வியாபாரி, பல ஆண்டு நற்பெயருள்ள தன் கணக்கிலும் புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் ஈபேயில் விற்றுப் பார்த்தார். பழைய கணக்கில் வாங்குபவர்கள் சராசரியாக 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அஞ்சலட்டை அதேதான், விற்பவரும் அவரேதான். நம் ஊரில் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். 2010இல் ஃப்ளிப்கார்ட் ‘பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்’ என்றது. அதாவது, ‘எங்களை நம்ப வேண்டாம், பொருளைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.’ அந்த வசதியை உங்களால் எல்லோருக்கும் கொடுக்க முடியாது. பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்புவோர் நூற்றில் பத்துப் பேர் இருந்தாலும், போகவர கூரியர் செலவே உங்கள் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே பொருள் கையில் வரும் முன்பே, கையில் வந்ததைப்போல் காட்டுவதுதான் உங்களுக்கு உள்ள வழி.

அங்கேதான் நிறம் வருகிறது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். புடவை வியாபாரத்தில் பாதிச் சண்டை நிறத்தால் வருவது.

உங்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஓர் அரக்குப் புடவை இருக்கிறது. படத்தில் அது தக்காளிச் சிவப்பாகத் தெரிகிறது. அரக்கு நிறம் எனக்குத் தெரியும், அது தக்காளி அல்ல. குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள். செல்போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்து, இருண்ட சிவப்பைத் தூக்கிவிட்டது. வாங்கியவரின் செல்போன் திரை அதற்குமேல் ஒரு மாற்று கூட்டிக் காட்டும். பார்சலைப் பிரித்ததும் அவர் முகம் சுருங்கும். உங்கள்மேல் தவறில்லை, ஆனால் ஏமாற்றியவர் நீங்கள்தான் என்று அவர் மனத்தில் பதிந்துவிடும்.

எங்கள் கடையில் அப்பா ஒரு பழக்கம் வைத்திருந்தார். புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் எடுக்கப் பையைத் திறப்பவரிடம், “வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை பாருங்கள் அம்மா, உள்ளே இருக்கிற நிறம் வெளியே இருக்காது” என்பார். சில நேரம் அதனாலேயே விற்பனை கைநழுவும். சின்ன வயதில் எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர்கள், தீபாவளிக்குத் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

இணையத்தில் அந்த வாசலை எப்படி உண்டாக்குவது? நான் செய்வதைச் சொல்கிறேன். காலை எட்டு மணி வாக்கில், நேர்வெயில் படாத திண்ணையில் படம் எடுப்பேன். புடவைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுவேன். பிறகு புடவைமேல் சமையலறைப் பொருள் ஒன்றிரண்டை வைத்து இன்னொரு படம். அரக்குப் புடவையென்றால் ஒரு காய்ந்த மிளகாயும் ஒரு பழைய புளி உருண்டையும். கீழே இப்படி எழுதுவேன்: “மிளகாயைவிட இருண்டது, புளியைவிடச் சிவந்தது.” மிளகாயும் புளியும் இல்லாத வீடு ஏது? அவரவர் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாலே நிறம் தெரிந்துவிடும். கடுகு நிறத்துக்கு மஞ்சள்தூளும் கடலைப்பருப்பும் வைக்கலாம். இதைத் தொடங்கிய பிறகு ‘நிறம் வேறாக இருக்கிறது’ என்று வந்த புகார்கள் எனக்கு ஏறக்குறைய நின்றே போயின. மிளகாய்ப் படத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே பக்கத்துக்கு வந்து, பிறகு வாங்கியவர்களும் உண்டு.

இதே முறையில் மற்றதையும் காட்டிவிடுங்கள். அளவு நாடாவைப் பிடித்து நீளத்தை அளப்பதை ஒரே வீடியோவாக, வெட்டாமல். ரவிக்கைத் துணி சேர்ந்ததா, தனியா என்பதை முதல் வரியில். கஞ்சி எவ்வளவு முடமுடப்பாக இருக்கும், முதல் சலவையில் சாயம் போகுமா போகாதா என்பதைத் தெளிவாக. போகும் என்றால் போகும் என்றே எழுதுங்கள்: “முதல் இரண்டு முறை தனியாக நனைக்கவும், வெள்ளைத் துணியோடு போட்டால் நான் பொறுப்பல்ல.” ஒரு புடவையில் நூல் முடிச்சோ, அறுந்த இழையோ இருந்தால், அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து, விலையில் நூறு ரூபாய் குறைத்துப் போடுங்கள். ‘கைத்தறி என்றால் இப்படித்தான் இருக்கும், அதுதான் அழகு’ என்று எல்லாக் குறைக்கும் ஒரே பூச்சுப் பூசுகிறார்கள் சிலர். கட்டத்தின் அளவு கொஞ்சம் கூடிக்குறைவது கைத்தறியின் இயல்பு; எண்ணெய்க் கறை இயல்பல்ல. இரண்டையும் பிரித்துச் சொல்பவரை வாங்குபவர் மறக்க மாட்டார்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கெட்ட நாள் வரும். எனக்கு 2016இல் வந்தது. ஒரு வியாபாரியிடம் 40 புடவை எடுத்தேன், கைத்தறி என்றார், நானும் கைத்தறி என்றே விற்றேன். 31 போய்விட்டன. ஒரு நாள் இரவு சேலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வாட்ஸ்அப்பில் எழுதினார்: “மகளே, நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். இது விசைத்தறி. நீ தெரிந்து விற்றாயா, தெரியாமல் விற்றாயா?” அந்த இரண்டாவது வாக்கியத்தில் தூக்கம் போய்விட்டது. மீதி ஒன்பதையும் எடுத்துக்கொண்டு மறுநாள் தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் ஓடினேன். அவர் இரண்டு நிமிடத்தில் தலையை ஆட்டிவிட்டார்.

31 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். என்ன எழுதினேன் என்பது இன்னும் என் செல்போனில் இருக்கிறது: “உங்களுக்குக் கைத்தறி என்று நான் அனுப்பிய புடவை விசைத்தறி என்று இன்று தெரிந்துகொண்டேன். சரிபார்க்காமல் விற்றது என் தவறு. புடவையைத் திருப்பி அனுப்பினால் முழுத் தொகையும், கூரியர் செலவும் தருகிறேன். வைத்துக்கொள்ள விரும்பினால் விலை வித்தியாசத்தைத் தருகிறேன். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புங்கள்.” அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, அந்த வியாபாரி பெயரை இழுக்கவில்லை, ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்ற சொல் பக்கமே போகவில்லை. ஒன்பது பேர் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் வித்தியாசத்தை வாங்கிக்கொண்டார்கள். நாலு பேர் அதுகூட வேண்டாம் என்றார்கள். கையை விட்டுப் போனது அந்த மாத வருமானம் முழுவதும். பிறகு இதைப் பக்கத்திலும் பொதுவாக எழுதினேன். கணவர் தடுத்தார், ‘தானாக எதற்குத் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்கிறாய்?’ என்று. எழுதிய வாரத்தில் விற்பனை குறையத்தான் செய்தது. ஆனால் அன்றுவரை எனக்கு வாடிக்கையாளர்கள்தான் இருந்தார்கள். அதன்பிறகு எனக்காக வேறு இடத்தில் வாதாடும் ஆட்கள் கிடைத்தார்கள். அந்தச் சேலத்துப் பெரியம்மா இறக்கும்வரை ஆண்டுக்கு நாலு புடவை என்னிடம்தான் வாங்கினார், ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று ஒற்றைச் சொல் அனுப்புவார்.

நம் மொழியில் நேர்மைக்கும் காசுக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல் இருக்கிறது. நாணயமானவர் கையில் நாணயம் சேரும் என்று யாராவது இதற்கு விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள், பல நேரம் சேராது. ஆனால் கடன் சொல்லிச் சரக்கு எடுக்கப் போகும்போது அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்புரைகளைப் பற்றி. உங்கள் பக்கத்தில் பதினோரு மதிப்புரைகள் இருக்கின்றன, பதினொன்றும் ‘சூப்பர்’, ‘அருமை’, அதில் மூன்று ஒரே குடும்பப் பெயரில். சித்தி, மாமி எல்லோரையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும் முதலில் செய்வதுதான். எடுத்துவிடுங்கள். மைக்கேல் லூகா என்ற ஆய்வாளர் சியாட்டில் நகர உணவகங்களை வைத்துக் கணக்கிட்டதில், யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. பெரிய சங்கிலி உணவகங்களுக்கு அந்தப் பலன் இல்லை; தனிக்கடைகளுக்குத்தான். அதாவது மதிப்புரை உங்களைப் போன்ற சிறியவர்களுக்குத்தான் உதவுகிறது. ஆனால் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017இல் சொன்னது இன்னும் சுவையானது: வாங்கும் விருப்பம் உச்சத்தில் இருப்பது ஐந்துக்கு ஐந்து இருக்கும் இடத்தில் அல்ல, 4.0க்கும் 4.7க்கும் இடையில். முழு மதிப்பெண்ணைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வருகிறது. நமக்கும் வரும்தானே?

நான் மதிப்புரை கேட்பது பார்சல் போய்ச் சேர்ந்த அன்று அல்ல. ஐந்தாறு வாரம் கழித்து. “துவைத்தீர்களா? எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்பேன். பார்சல் வந்த அன்று எல்லாப் புடவையும் அழகுதான். துவைத்த பிறகு சொல்வதே மதிப்புரை. சிலர் குறை சொல்வார்கள். ‘கரை கொஞ்சம் சுருங்கிவிட்டது’ என்று ஒருவர் எழுதியதை அப்படியே போட்டு, அதன்கீழ் நான் என்ன செய்தேன் என்றும் போட்டேன். பொய் மதிப்புரைகளின் தொல்லையால் இந்தியத் தரநிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று இதற்கே ஒரு தரநிலை வெளியிட்டது. காசு கொடுத்து எழுதவைத்த மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. கட்டாயச் சட்டம் அல்ல, ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்பது தெரிகிறது.

இனி அந்த ரீல். கொடுப்பதாக முடிவு செய்தால், காசு வாங்கிப் போடும் பதிவு என்பதை அவர் பதிவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். இலவசமாகப் புடவை வாங்கிக்கொண்டு போட்டாலும் அதே விதிதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம்வரை. விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் அது பொருந்தும். உங்கள் அளவுக்கு அவ்வளவு தூரம் வராது என்று நினைப்பீர்கள். சட்டத்தை விடுங்கள்; காசு வாங்கிக்கொண்டு ‘நான் தற்செயலாகக் கண்டுபிடித்த கடை’ என்று சொல்பவரை, பார்க்கிறவர்கள் இப்போது மூன்று நொடியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

என் அனுபவத்தில் செல்வாக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களின் ஓய்வறையில். வங்கியின் மதிய உணவு மேசையில். பருத்திப் புடவையை நாள்தோறும் உடுத்துபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியை உடுத்திக்கொண்டு போனால் பதினைந்து பேர் தொட்டுப் பார்ப்பார்கள். செல்போனில் முடியாத ஒன்று அந்தத் தொடுதல். அந்த 15,000 ரூபாயில் எட்டுப் புடவையை, ஏற்கெனவே இரண்டு முறைக்குமேல் உங்களிடம் வாங்கிய எட்டுப் பேருக்கு அனுப்பிப் பாருங்கள், ஒன்றும் கேட்காமல். காய்கறிக்காரர் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடும்போது ‘என்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லுங்கள்’ என்று கேட்பதில்லை அல்லவா?

அறிவைக் கொடுப்பதும் ஒரு கொசுறுதான். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள், அதைக் கற்றவர் வேறு கடையில் வாங்கினாலும் சரி. நூலை எரித்துப் பார்த்துக் கைத்தறியைக் கண்டுபிடிக்கலாம் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. எரித்தால் பருத்தியா, பாலியெஸ்டரா என்பதுதான் தெரியும்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் நூல் ஒன்றுதான், நெருப்புக்கு வித்தியாசம் தெரியாது. இதை ஒரு நிமிட வீடியோவில் எரித்துக் காட்டினால் அது உங்கள் நூறு புடவைப் படங்களுக்குச் சமம். அசல் கைத்தறி என்பதற்கு அடையாளமாக 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் முத்திரை என்ன, அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தக் குறியீட்டை உங்கள் புடவையில் போட, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் பக்கத்தின் முகப்பில் போட்டிருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே எடுங்கள். ஊரில் பிறந்தவர் என்பதால் உரிமை தானாக வந்துவிடாது.

நெசவாளரைக் காட்டுங்கள், அவர் சம்மதத்தோடு. கோ-ஆப்டெக்ஸ்கூட நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையைப் புடவையோடு வைத்துப் பார்த்திருக்கிறது, நல்ல யோசனை. ஆனால் ‘இவர் குடும்பம் பசியில் இருக்கிறது, வாங்குங்கள்’ என்ற வகைப் பதிவுகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவர் கைவேலைக்காரர். ‘தறியில் நாடாவைத் தட்டும் சத்தத்திலேயே இழை அறுந்ததைக் கண்டுபிடித்துவிடுவார்’ என்று எழுதுங்கள். இரக்கத்தில் வாங்கியவர் ஒரு முறைதான் வாங்குவார்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. 6,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) இருக்கிறதே, ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் செல்போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது நல்ல அளவுகோல். ‘புடவை அக்கா’ என்று எத்தனை பேர் உங்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள்? என்னிடம் அப்படி ஏறக்குறைய 700 பேர் இருக்கிறார்கள்; அவர்களால்தான் என் குடும்பம் நடக்கிறது. எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். ஒரு காலை எழுந்தால் கணக்கு முடங்கியிருக்கும், எழுதிக் கேட்டால் இயந்திரம்தான் பதில் சொல்லும். எனக்குத் தெரிந்த இருவருக்கு நடந்தது.

இன்னொரு தொல்லையும் வரும், பெயர் வளர வளர. உங்கள் படங்களையே எடுத்து, உங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, பாதி விலைக்கு விற்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பார்கள். அதனால் பணம் வாங்கும் யுபிஐ எண் ஒன்றே ஒன்று, அதில் தெரியும் பெயர் இது, வேறு பெயர் தெரிந்தால் அனுப்பாதீர்கள் என்று பக்கத்தின் மேலேயே நிலையாக வையுங்கள். ஏமாந்தவர் வந்தால் ‘அது நாங்கள் இல்லை’ என்று கதவைச் சாத்தாமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சொல்லி, கூட இருந்து புகார் கொடுக்கச் செய்யுங்கள். தனியாக இணையதளம் தொடங்கினால் முகவரி, குறைதீர்க்கும் பொறுப்பாளர் பெயர் எல்லாம் வைக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டு முகவரி போட பயமாக இருந்தால் சரக்கு வைத்திருக்கும் இடத்தின் முகவரியாவது போடுங்கள். ஊர் பெயர்கூட இல்லாத கடைக்கு யார் 1,850 ரூபாய் அனுப்புவார்கள்?

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பீர்கள். எனக்கு முதல் ஆண்டு 60 புடவைகூட விற்கவில்லை. மூன்றாவது ஆண்டில்தான் பழையவர்கள் திரும்பி வருவது புதியவர்கள் வருவதைவிட அதிகமாயிற்று. உங்களுக்குக் குறைவாகவும் ஆகலாம். உங்கள் ஊர்ப் பெயரே பாதி விளம்பரம்.

நாளைக் காலை அந்த அரக்குப் புடவையிலிருந்து தொடங்குங்கள். திண்ணையில் வைத்து, மிளகாயும் புளியும் வைத்து, விலையோடு மறுபடி போடுங்கள். பிறகு ஒன்று: மார்ச் மாதம் நீங்கள் போட்ட கடுகு நிறத்தில் கறுப்புக் கட்டம் போட்ட புடவை, இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதற்கும் விலையைப் பதிவிலேயே எழுதுங்கள். உள்பெட்டிக்கு வந்து கேட்க மாட்டேன்.